வேடிக்கைக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட தெய்வானையக்கா

ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தெய்வானையக்காவின் மகள் செல்வியின் போன் வந்தது. "நடராசு மாமா, அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். மடையன்! கோத்தகிரிக்கு மாத்திரை வாங்கப் போயிருப்பார் என்று என் புத்தி எனக்குச் சொல்லிவிட்டது. செல்வி அழுத பிறகுதான் உறைத்தது. மெஷினை நிறுத்த மறந்து கால் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஜாக்கெட்டைப் பிறகு முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் எல்லாரும் கூடும்போது வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லிச் செல்விதான் கேட்டாள். "நீங்கதான் மாமா எல்லாத்தையும் பாத்திருக்கீங்க" என்றாள். ஆமாம், பார்த்தவன்தான். கட்டபெட்டு வளைவில் ரோட்டைப் பார்த்த மாதிரி என் தையல் கடை. மெஷினும் ரோட்டைப் பார்த்த மாதிரி. ஐம்பது வருஷமாக அந்த வழியில் யார் போனாலும் வந்தாலும், சண்டை போட்டாலும், விழுந்தாலும் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள்தான் நான். அந்தப் பெருமையை என்னிடமிருந்து பிடுங்கியவர் தெய்வானையக்கா.

அவர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் மாதக்கணக்கில் கிடந்து, மலையேறி வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத் தோட்டங்களில் குடியேறிய வருஷங்கள் அவை. என் கடைக்குக் கீழே இருக்கிற தோட்டத்து லைன் வீடுகளுக்கும் ஒரு லாரியில் ஆறேழு குடும்பம் வந்து இறங்கியது. ஆளுக்கொரு தகரப் பெட்டி, மரப்பெட்டி. அக்கா கணவரோடும் கைக்குழந்தையான செல்வியோடும் இறங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு அவரைவிட நாலைந்து வயது குறைவு.

மறுநாள் காலையில் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் ஊர்த் தோட்டத்தில் ஆட்கள் வருவார்கள், கூடையை மாட்டுவார்கள், நேற்று விட்ட வரிசையில் போய்க் கொழுந்து பறிப்பார்கள். மேஸ்திரி ரங்கசாமி பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. கூடையைக் காலடியில் வைத்துவிட்டு ஒரே வரிசையில் வாய் திறக்காமல் நின்றார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் அசையவில்லை. வெயில் ஏறி ஒன்பது மணி ஆகிவிட்டது. ரங்கசாமி திரும்பி வந்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏனுங்க, வேலைக்கு வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நேரமாகிவிட்டது, இன்றைக்கு வேலை இல்லை என்று அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் மேலே கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

அன்றிலிருந்து அவர்களுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கைக்காரங்க. அவர்கள் இருந்த லைன், வேடிக்கைக்காரங்க லைன். கடைக்காரர் சொன்னார், கண்டக்டர் சொன்னார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். நான் ஒருபடி மேலே போனேன். தைக்கக் கொடுக்கிற துணியில் அடையாளத்துக்குத் துண்டுச் சீட்டுக் குத்திவைப்பது வழக்கம். ஊர்க்காரர் துணி என்றால் பேர் எழுதுவேன். அந்த லைன் துணி என்றால் வே.1, வே.2, வே.3. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தீபாவளிக்கு லைன் பெண்களின் ஜாக்கெட்டுகளை வாங்கிப் போக அக்கா வந்தார். சிலோனில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்பது எனக்குத் தெரியாது. தன் ஜாக்கெட்டிலிருந்த குண்டூசியைக் கழற்றிச் சீட்டைப் பார்த்தார்.

"இது என்னா தம்பி, வே மூணு?"

"அது ஒண்ணுமில்லீங்க. ஒரு அடையாளத்துக்கு."

"வேடிக்கையா?"

ஊரே சொல்கிறது என்று ஏதோ முனகினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"வேடிக்கைக்காரங்கன்னா யாரு தம்பி?"

"சும்மா நின்னு பாக்கறவங்கதானுங்க."

"நாங்க சும்மாவா நின்னோம்? எங்க தோட்டத்துல காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் வரிசையா நிக்கணும். கணக்கப்புள்ளை ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. இருக்கேன்னு சொல்லிட்டுத்தான் கூடையைத் தொடணும். கூப்பிடாம தொட்டா, திமிரு புடிச்சவன்னு வெரட்டி விட்டுருவாங்க. அன்னைக்கு மரியாதைக்குத்தான் நின்னோம். இங்க கூப்பிட ஒரு ஆளு இல்ல. பேர் கூப்பிடாத ஆளு வேற என்னா செய்வா? நிக்கத்தான் செய்வா."

சொல்லிவிட்டு என் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினார். வே.3 என்பதை அடித்துவிட்டு, கீழே குண்டு குண்டாகத் தெய்வானை என்று எழுதினார். மற்றச் சீட்டுகளுக்கும் ஒவ்வொரு பேராகச் சொன்னார். நான் பள்ளிக்கூடப் பையன் போல எழுதினேன். முடிந்ததும், "உங்க பேர் என்னா?" என்றார். டெய்லர் என்று சொன்னால் போதுங்க என்றேன். "அது மெசினுக்குப் பேரு. உங்க பேரைச் சொல்லுங்க." சொன்னேன். என்ன காரணமோ எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த வட்டாரத்தில் யாரையும் விடவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர், கோஸ் மூட்டை ஏற்றுகிற போஜண்ணன், பால்காரர், மேஸ்திரி என்று எல்லாரிடமும் பேர் கேட்டார். கேட்ட பேரை மறக்கவும் மாட்டார். தான் விட்டுவந்த தோட்டத்தின் பெரட்டு வரிசை முழுவதும் அவருக்கு மனப்பாடம். கொழுந்து பறித்துக்கொண்டே அதை வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டு போவார். அதில் பாதிப் பேர் கூடலூர்ப் பக்கம், மீதிப் பேர் இன்னும் அக்கரையில். கூடப்பிறந்த அண்ணனும் அங்கேயே நின்றுவிட்டார். "சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் தம்பி ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாங்க" என்பார். எங்கள் ரங்கசாமிக்கு எரிச்சல் வரும். "இந்தம்மா என்னுங்க, போலீஸாட்ட எல்லாத்தையும் விசாரிக்குது?" என்று என்னிடம் வந்து குறைப்படுவார்.

ஒரே ஒரு பேர் மட்டும் அவர் வாயில் வராது. கணவருக்குச் சட்டை தைக்கக் கொடுத்தபோது சீட்டில் எழுதப் பேர் கேட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அதை மட்டும் கேக்காதீங்க" என்றார். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரையும் போல அவரும் நம்பினார். "ஊர்ப் பேரெல்லாம் கூப்பிடுற வாய்க்கு இது வராதாக்கும்?" என்று சீண்டினேன். அப்போதுதான் பேசப் பழகியிருந்த செல்வி, "செல்லையா" என்று கத்தினாள். அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். செல்லையாவைச் செல்வியப்பா என்றுதான் கூப்பிடுவார்.

வந்த இரண்டாம் வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. நாலாம் நாள் காலையில் விட்டது. ஆட்கள் கொழுந்துக்குப் போய்விட்டார்கள். செல்லையாவுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தார். செல்வி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பால்வாடிக்குப் போயிருந்தாள். பத்து மணி இருக்கும், லாரியிலிருந்து கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப்போய் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் நின்று எட்டிப் பார்த்தேன். லைனுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து கடைசி இரண்டு வீட்டை மூடியிருந்தது. கூரைத் தகரம் மட்டும் ஒரு மூலையில் நீட்டிக்கொண்டிருந்தது. அது செல்லையாவின் வீடு; இன்னொன்றில் ஆள் இல்லை.

ஐந்து நிமிஷத்தில் மேஸ்திரி, போஜண்ணன் உட்பட முப்பது பேர் சுவரோரம் சேர்ந்துவிட்டோம். குன்னூர் பஸ் நின்றது. அதிலிருந்தவர்களும் இறங்கி எட்டிப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்றார் ஒருவர். உள்ளே ஆள் இருக்கிறதா என்றார் இன்னொருவர். பயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம், சொல்ல ஒருவரும் போகவில்லை. "மண்ணு இன்னும் எறங்குதுங்க, யாரும் போகக் கூடாது" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் என்னுடையது. கழுத்தில் இஞ்சி டேப் தொங்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதை எழுத இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதுவதில் அர்த்தமே இல்லை.

கீழே தேயிலைக்குள்ளிருந்து அக்கா ஓடிவந்தார். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. மண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். மாரில் அடித்துக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து மேலே எங்களைப் பார்த்தார். அந்த நிமிஷம் அந்தச் சொல்லை எங்கள் முகத்தில் வீசியிருந்தால் நாங்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். அவர் அதைச் சொல்லவில்லை.

"மேஸ்திரி ரங்கசாமி!" என்று கூப்பிட்டார்.

பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற மாதிரி, நீட்டி, நிறுத்தி. ஒரு பெண் மேஸ்திரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. ரங்கசாமி வாயிலிருந்து, "ஏனுங்க?" என்று தானாக வந்துவிட்டது.

"குடையை வச்சிட்டு ஆளுங்களோட எறங்குங்க. போஜண்ணே! தோட்டத்துல உள்ள மம்பட்டி எல்லாத்தையும் கொண்டாங்க. டெய்லர் நடராசு! கடையில கெடக்குற சாக்கை எல்லாம் எடுத்துட்டு வாங்க, மண்ணு அள்ளணும்."

நான் கடைக்குள் ஓடிக்கொண்டிருப்பதைப் பாதி வழியில்தான் உணர்ந்தேன். சாக்கோடு திரும்பி வரும்போது அவர் பஸ் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிரைவர் தம்பி, உங்க பேர் என்னா?" அந்த நேரத்திலும் கேட்டார்! "சுப்பிரமணிங்க" என்றார் அந்த மனிதர். "சுப்பிரமணி! பஸ்ஸுல ஜாக்கி இருக்கா?" இருந்தது. கொண்டு இறங்கினார். பேர் தெரியாதவர்கள் தாங்களே பேரைச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். மேலே மிஞ்சியது கம்பு ஊன்றிய ஒரு கிழவர் மட்டும். அவரும் அங்கிருந்தபடியே, "இடது பக்கம் மண்ணு நகருதுங்கோ, தள்ளுங்கோ!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

ஓரளவு அள்ளிய பிறகு எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு அக்கா தகரத்துப் பக்கம் குனிந்தார். "செல்வியப்பா... செல்வியப்பா..." பதில் இல்லை. எங்களில் ஒருவர் உச்சுக் கொட்டினார். அக்கா நிமிர்ந்தார். மூச்சை இழுத்து, "செல்லையா!" என்று கத்தினார்.

லைன் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி. உள்ளே தகரத்தில் இரண்டு தட்டு. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "இருக்கேன்."

அவரை வெளியே எடுக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிலோனிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டி மேல் உத்தரம் சாய்ந்து நின்று அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருந்தது. சுப்பிரமணியின் ஜாக்கிதான் அந்த உத்தரத்தைத் தூக்கியது. கால் எலும்பு ஒன்று உடைந்ததோடு செல்லையா பிழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது: "மண்ணு விழுந்தப்பகூட நான் பயப்படலைங்க. இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பாருங்க, அப்பத்தான் நெலமை மோசம்னு தெரிஞ்சுச்சு."

அடுத்த வாரமே ரங்கசாமி ஒரு நோட்டோடு களத்துக்கு வந்தார். எங்கள் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். சிலோன்காரர் பேர், ஊர்க்காரர் பேர், எல்லாம் ஒரே நோட்டில். தப்பும் தவறுமாகத்தான் கூப்பிட்டார். வேடிக்கைக்காரங்க லைன் என்று அதன்பின் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் வே. போட்ட சீட்டுகளை எல்லாம் கிழித்தேன், ஒன்றைத் தவிர.

அந்தச் சொல்லை அக்கா மட்டும் விடவில்லை, தனக்கென்று வைத்துக்கொண்டார். குழாயடியில் அடிதடியா, பஸ்ஸில் மயங்கி விழுந்தார்களா, எங்கே கூட்டம் கூடினாலும் நடுவில் புகுந்து, "இங்க வேடிக்கைக்காரங்க எத்தனை பேரு? ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க" என்பார். சிலர் நழுவிவிடுவார்கள். பேர் சொன்னவர்கள் கட்டாயம் ஏதாவது செய்வார்கள். "பேரைச் சொல்லிட்டு ஒருத்தரால சும்மா நிக்க முடியாது தம்பி. கூச்சமா இருக்கும்" என்று எனக்கு விளக்கினார். ஒருமுறை நான் விடாமல் மல்லுக்கு நின்றேன். எல்லாரும் எல்லாவற்றிலும் குதிக்க முடியுமா, பார்க்கிறவன் என்றும் ஒருத்தன் வேண்டாமா என்றேன். எனக்கு என் மெஷின் இருக்கிற இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. அவர் யோசித்துவிட்டு, "வேணுந்தான். அன்னைக்கு அந்தத் தாத்தா மேல நின்னு பாத்ததாலதான மண்ணு நகருறது தெரிஞ்சுச்சு? அவரு பாத்தாரு, கத்துனாரு. நீங்க பாத்தீங்க, கையைக் கட்டிக்கிட்டீங்க" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. அதோடு விட்டாரா? நான் தைத்த ஜாக்கெட்டின் கழுத்து தளர்ச்சி என்று அதையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். அந்தக் கழுத்தில் குறையே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஜார்க்கண்டிலிருந்து பத்துப் பதினைந்து பேர் அதே தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார்கள். மொழி புரியாமல் களத்தில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சிலோனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள்தான் இப்போது அங்கே பழைய ஆட்கள். அவர்களில் ஒருவன், "என்ன, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டானாம். அக்கா அப்போது வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. செய்தி காதில் விழுந்ததும் முழங்கால் வலியோடு களத்துக்கு இறங்கினார். கேட்டவனுக்கு முதலில் நல்ல வசவு. பிறகு புதியவர்களிடம் போய்த் தன் நெஞ்சைத் தொட்டு, "தெய்வானை" என்றார். எதிரே நின்றவன் புரிந்துகொண்டு தன் நெஞ்சைத் தொட்டு, "சுக்ராம்" என்றான். அப்படியே வரிசையாக. மறுநாள் என் கடைக்கு வந்து அத்தனை பேரையும் ஒப்பித்துக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஒரு பேர்கூடத் தவறவில்லை.

இப்போது அக்கா போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் போய்ச் சேரும்போது லைன் வாசலில் பெருங்கூட்டம். ஊர்க்காரர், படுகர், சிலோன்காரர், ஜார்க்கண்ட்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு வழக்கம். யார் எதைத் தொடலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அத்தனை பேரும் வேடிக்கைக்காரர்களாகத்தான் நின்றோம். வேறெப்படிச் சொல்வது?

செல்லையா அய்யா அந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீட்டி, நிறுத்திக் கூப்பிட்டார்.

"டெய்லர் நடராசு!"

"இருக்கேனுங்க."

"துணி கிழிச்சுக் கொடுங்க. சுக்ராம்! மூங்கில் வெட்டு. செல்வி! தண்ணி எடு." போஜண்ணனின் மகன், ரங்கசாமியின் பேரன் என்று வரிசையாகக் கூப்பிட்டார். இருக்கேன், இருக்கேன் என்று வாசலெங்கும் கேட்டது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஆயிற்று. தூக்கத் தயாரானபோது அய்யா கையைக் காட்டி நிறுத்தினார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அக்காவை ஏ புள்ளே என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் அவர்.

"தெய்வானை!" என்றார்.

களத்தில் ஒரு பேருக்குப் பதில் வர எவ்வளவு நேரம் காத்திருப்பார்களோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு, "தூக்குங்க" என்றார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. வே.3 அடிக்கப்பட்டு, கீழே தெய்வானை. மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. செல்வி கேட்டாலும் தரமாட்டேன்.

நேற்றுக் கடையில் ஒரு ஜார்க்கண்ட் பெண் துணியோடு வந்து நின்றாள். அளவு எடுத்துவிட்டு, சீட்டைக் கிழித்து, உன் பேர் என்னம்மா என்று கேட்டேன். ஃபுல்மணி என்றாள். எழுதிக் குத்தினேன். அவள் போகவில்லை. அக்கா சொல்லிக்கொடுத்த தமிழில், அக்காவின் இழுவையோடேயே கேட்டாள்: "உங்க பேர் என்னா?"

"நடராசு" என்றேன்.